கேட்டுப் பழகுதல்

சேலத்திலிருந்து ஓமலூர் போகும் சாலையில் கருப்பூர். அரசு பொறியியல் கல்லூரி 1966-இல் தொடங்கியது. பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் வந்தது. அதே வட்டாரத்தில், ஆணைகவுண்டன்பட்டியில், நியோ டைடல் என்ற ஐ.டி பூங்கா திறந்தது 2024 செப்டம்பரில். 55,000 சதுர அடி. ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் வளாகம் அதற்கும் முந்தியது. படிப்பு இந்த ஊருக்குச் சீக்கிரம் வந்துவிட்டது, வேலை பின்னாலேயே மெல்ல நடந்து வருகிறது. நடுவில் எத்தனை வருஷத்துப் பிள்ளைகள் புதிய பஸ் ஸ்டாண்டில் பெங்களூர் பஸ் ஏறிப் போனார்கள்! நானும் அதில் ஒருவன். திரும்பி வந்து, லாரி ஆபீசுகளுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் மென்பொருள் எழுதும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறேன். கல்லூரி முடித்து வருகிறவர்களை முதல் ஆறு மாதம் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. அவர்களுக்குச் சொன்னது, சொல்ல நினைத்தது, அவர்களைப் பார்த்து எனக்குப் புரிந்தது எல்லாம் இந்த நோட்டில் கலந்து கிடக்கிறது.

*

புதிதாக வருகிறவர்கள் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தபோது குடியேறிய இடம் மில்லர்ஸ் சாலையில் சோனா டவர்ஸ். இந்தியாவில் உட்கார்ந்து செய்த வேலையை ஒரு வெளிநாட்டு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கடல் தாண்டி அனுப்பத் தொடங்கிய கதை அந்தக் கட்டடத்தில் ஆரம்பித்தது. கட்டடம் சேலத்துச் சோனா குழுமத்து வள்ளியப்பா குடும்பத்தினுடையது. அவர்களுடைய சோனா தொழில்நுட்பக் கல்லூரி சேலத்தில் தொடங்கியது 1997-இல். திருச்செங்கோட்டில் கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி 1994-லேயே வந்துவிட்டது. "நம்மூருக்கும் சாஃப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்கிற மாமாக்களிடம் சொல்ல இதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன்.

*

முதல் மாதத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மௌனம்.

இதற்கு ஒரு ஊர்க் காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். விடியற்காலை ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, தினம் ஒரு டெஸ்ட். கேள்வி கேட்பவர் ஒருவர், பதில் எழுதுபவர் இன்னொருவர். இடம் மாறுவதே கிடையாது. முதலிடம் இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் பதில் தெரிந்தவன் கெட்டிக்காரன், தெரியவில்லை என்கிறவன் மக்கு என்ற பயம் அரசாணையால் போகிற வகை அல்ல. அது பொறியியல் கல்லூரி நான்கு வருஷமும் கூடவே வந்து, முதல் வேலையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு பையன். நல்ல மூளை. ஒரு சின்ன வேலையைக் கொடுத்தால் மூன்று நாள் திரையை முறைத்துக்கொண்டே இருப்பான். "எப்படிப் போகுது தம்பி?" என்றால் "போயிட்டிருக்குங் சார்." நாலாம் நாள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் தெரிகிறது, முதல் மணி நேரத்திலேயே ஒரு கடவுச்சொல் இல்லாமல் நின்றுபோயிருக்கிறான். அதைக் கேட்க வாய் வரவில்லை. அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. இருபத்திரண்டு வயது வரைக்கும் கேட்டதற்காக யாரும் அவனைப் பாராட்டியதில்லை.

இந்த வேலையில் கேட்பதும் ஒரு தொழில்திறன், பைத்தான் மாதிரி, எஸ்.க்யூ.எல் மாதிரி. பயிற்சியால் வரும்.

*

எப்படிக் கேட்பது என்று நான் சொல்லிக்கொடுப்பது இதுதான். என்ன செய்ய நினைத்தாய், என்ன செய்தாய், என்ன நடந்தது, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய். நாலையும் எழுது. எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை வந்துவிடும். வராவிட்டால் அப்படியே எனக்கு அனுப்பு. பிழைச் செய்தியைப் போட்டோ எடுத்து அனுப்பாதே, எழுத்தாகவே ஒட்டு, தேட முடியும். அரை மணி நேரம் முட்டிப் பார், அதற்கு மேல் தனியாக முட்டாதே.

இன்னொன்று: பிழைச் செய்தியை முழுக்கப் படி. நாற்பது வரி சிவப்பாக வந்ததும் பயந்து மூடிவிடுகிறார்கள். அந்த நாற்பதில் நம் கோப்பின் பெயர் இருக்கிற வரி எது என்று விரலை வைத்துத் தேடினால் போதும், பாதி வழி வந்தாயிற்று.

*

கல்லூரியில் நிரல் எழுதச் சொன்னார்கள். இங்கே வந்தால் படிக்கச் சொல்கிறோம். பத்து வருஷத்துக்கு முன் யாரோ எழுதி, நாலு பேர் கை மாறி, கடைசியாக எழுதினவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட நிரல். முதல் ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் இதுதான். பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. எனக்கு அது வருத்தம் தரவில்லை. அடுத்தவர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளே பின்னால் நன்றாக எழுதுகிறார்கள் என்பதைப் பல பேரிடம் பார்த்துவிட்டேன்.

கிட் வரலாற்றைப் புரட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த வரியை யார் எப்போது ஏன் மாற்றினார் என்று அதில் இருக்கும், மாற்றியவர் ஒழுங்காகக் குறிப்பு எழுதியிருந்தால். "ஃபிக்ஸ்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போனவரின் நிரலைப் படிக்க நேர்ந்த பிறகு எந்தப் பிள்ளையும் அப்படி எழுதுவதில்லை.

*

முட்டை விலை.

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982-இல் உருவானது. நாமக்கல் மண்டலத்துக்கு அது அறிவிக்கும் விலை செய்தித்தாளில் வரும், வாட்ஸப்பில் வரும். ஆனால் பண்ணைக்காரருக்குக் கிடைப்பது அந்த விலை அல்ல. வியாபாரி அதில் முட்டைக்கு இத்தனை காசு குறைத்துத்தான் எடுப்பார். அதற்கு நாமக்கல்லில் பெயர் மைனஸ். இன்றைக்கு மைனஸ் எவ்வளவு என்பதுதான் பண்ணையில் காலைப் பேச்சு.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி விற்பனைக் கணக்குக்கு அட்டவணை வடிவமைத்தாள். விலை என்று ஒரு பத்தி. பக்கத்தில் தள்ளுபடி என்று ஒரு பத்தி, சதவீதத்தில். பாடப்புத்தகப்படி அழகான வேலை. அவளைப் புதுச்சத்திரம் பக்கம் ஒரு பண்ணைக்கு அழைத்துப் போனேன். திரையைப் பார்த்த பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இதுல மைனஸ் எங்கீங் கண்ணு?"

"தள்ளுபடின்னு இருக்குதுங்களே ஐயா, அதுதானுங்க."

"தள்ளுபடி நான் எதுக்குக் குடுக்கறேன்? மைனஸ் அவன் வெக்கறது. ஆளுக்கு ஒண்ணு வெப்பான், நாளுக்கு ஒண்ணு வெப்பான். காசுக் கணக்குங் கண்ணு, நூத்துக்கு இத்தனைங்கறது இங்க இல்ல."

அந்த நாலு வாக்கியத்தில் அட்டவணையின் வடிவமே மாறிவிட்டது. மைனஸ் வியாபாரிக்கும் தேதிக்கும் உரியது, முட்டைக்கு இத்தனை காசு என்று முழு எண்ணில். திரும்பி வரும் வழியில் அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை வந்து, "நான் அங்க இன்னும் ரெண்டு தடவ போகலாமாங் சார்?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

காசு என்றதும் இன்னொன்று. பணத்தைப் புள்ளி வைத்த எண்ணாகக் கணினியில் வைக்கக் கூடாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பெரும்பாலான நிரல்மொழிகள் 0.30000000000000004 என்று காட்டும். இரண்டின் அடிமானத்தில் பத்தில் ஒன்றைச் சரியாக எழுத முடியாது. கல்லூரியில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்திருப்பார்கள். இங்கே ஒரு லட்சம் முட்டைக்குக் கணக்கில் முட்டைக்கு ஒரு காசு பிசகினால் ஆயிரம் ரூபாய். பண்ணைக்காரர் எவரும் ஐந்தே முப்பத்தைந்து என்று பேசுவதில்லை, ஐநூற்று முப்பத்தைந்து காசு என்றே பேசுவார். அவர் பேசுகிற மாதிரியே முழுக்காசாகச் சேமித்தால் போதும். கணினி அறிவியல் சொல்லும் தீர்வும் அதுவே.

*

பெயரில் இனிஷியல் இருப்பதால் முதல் வேலையில் வரும் தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. பான் அட்டை இனிஷியலை ஏற்காது, அப்பா பெயரை விரித்து எழுதச் சொல்லும். ஆதாரில் மூன்றாவது விதம். வேலையில் சேரும் படிவம் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டும் கட்டாயம் என்னும். பி.எஃப் கணக்கில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம் என்றால், பின்னால் பணம் எடுக்கும்போது அலைய விடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் மட்டும் இருந்து முதற்பெயர் இடம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் அந்த இடத்தில், முதற்பெயர் தெரியாது என்ற பொருளில், எஃப்.என்.யூ என்று மூன்றெழுத்து விழும். கடைசி செமஸ்டர் விடுமுறையிலேயே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள்.

இதை ஒரு படிப்பினையாகவும் சொல்வேன்: நீங்கள் படிவம் வடிவமைக்கும்போது பெயருக்கு ஒரே ஒரு பெட்டி வையுங்கள்.

*

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தால் திங்கள்கிழமைக் காலைக் கூட்டம் போச்சு. பையில் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி. இந்தப் பாதையைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

*

லாரி புக்கிங் ஆபீசில் ராத்திரி பதினொன்றரைக்கு மேல் போய் உட்கார்ந்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். பாரம் ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வண்டி கிளம்பத் தயாராக நிற்கும். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருப்பார். குமாஸ்தா கணினிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு அடித்துச் சில நிமிஷம் போனதும், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில் போடுவார். வண்டி கிளம்பும்.

எங்கள் அலுவலகத்துப் பையன் ஒருத்தன், சேர்ந்து சில வாரங்களே ஆனவன், சங்ககிரியில் இதைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறான். "ஏனுங்கண்ணா, எல்லாம் ரெடியா இருக்குது, அப்பறம் ஏன் சும்மா இருக்கீங்க?"

"மணி பன்னண்டு தாண்டட்டும் தம்பி. ஒரு நாள் எச்சாக் கெடைக்கும்."

மாநிலம் தாண்டும் சரக்குக்கு ஈ-வே பில் 2018 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலில் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் வைத்தார்கள். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். விதியில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் நாள் என்பது, பில் உருவான தேதிக்கு மறுநாள் நள்ளிரவில் முடிகிறது. 14-ஆம் தேதி இரவு 11:55-க்குப் போட்டால் முதல் நாள் 15-ஆம் தேதி நள்ளிரவில் தீர்ந்துவிடும். கையில் கிடைப்பது ஏறக்குறைய 24 மணி நேரம். பத்து நிமிஷம் பொறுத்து 15-ஆம் தேதி அதிகாலை 12:05-க்குப் போட்டால் 16-ஆம் தேதி நள்ளிரவு வரை, கிட்டத்தட்ட 48 மணி நேரம். வழியில் டயர் வெடித்தாலும், செக்போஸ்டில் வரிசை நின்றாலும் அந்த ஒரு நாள் டிரைவரின் உயிரைக் காக்கும். குமாஸ்தா எந்தச் சட்டப் புத்தகமும் படித்தவரில்லை. அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

பையன் திரும்பி வந்து நிரலைத் திறந்தான். பில் காலாவதியாகும் நேரத்தை டிரைவருக்கு நினைவூட்டும் பகுதி அதில் இருக்கிறது. சர்வரில் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். நம் 15-ஆம் தேதி அதிகாலை 12:05 என்பது அங்கே 14-ஆம் தேதி மாலை 6:35. நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் 14 வருகிறது. ஆக, குமாஸ்தா பொறுத்திருந்து சம்பாதித்த ஒரு நாளை நினைவூட்டல் தின்றுவிடும். பகல் நேரத்தை வைத்து எழுதிய சோதனைகள் எல்லாம் பச்சையாகத் தேறிக்கொண்டிருந்தன. நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவில் உருவாகும் பில்லுக்கு மட்டுமே கோளாறு. லாரித் தொழிலில் வண்டி கிளம்புவதே அந்த நேரத்தில்தான்.

அவன் இரண்டு வரி திருத்தினான். நாலைந்து சோதனை சேர்த்தான், எல்லாம் நடுராத்திரி நேரத்துக்கு. குறிப்பில் காரணத்தை முழுசாக எழுதினான். நேரத்தை உலகப் பொது நேரத்திலேயே சேமி, தேதி என்று மனிதருக்குக் காட்டும்போதோ கணக்குக்கு எடுக்கும்போதோ நம் நேரத்துக்கு மாற்று என்பது பழைய விதி. எந்தப் பாடத்திலும் இருக்கும். ஆனால் இந்தக் கோளாறு இங்கே ஒளிந்திருக்கிறது என்று பாடம் சொல்லாது. டீ குடிக்கிற டிரைவர் பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டால் கிடைக்கும்.

*

சம்பளக் கடிதத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று மேலே இருக்கும் தொகை கைக்கு வராது. அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உங்கள் பங்காக பி.எஃப் பிடிப்பார்கள். நிறுவனம் அதே அளவு போடும், பெரும்பாலும் அதையும் அந்த லட்சத்துக்குள்ளேயே எழுதியிருப்பார்கள். தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பி.எஃப்-க்கான யூ.ஏ.என் எண் ஆயுளுக்கும் ஒன்றே. அடுத்த வேலைக்குப் போகும்போது புதிதாக வாங்காமல் பழையதைக் கொடுங்கள்.

பெரிய சேவை நிறுவனங்கள் 2010-களின் தொடக்கத்தில் புதியவருக்குக் கொடுத்தது ஆண்டுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். சாதாரணத் தேர்வில் வருகிறவர்களுக்கு அதன் பிறகும் நெடுங்காலம் மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நின்றது. பெங்களூரில் வாடகை அப்படி நிற்கவில்லை. அதனால்தான் ராசிபுரத்திலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ தினம் வந்துபோகிற மாதிரி ஒரு முதல் வேலை, தொகை கொஞ்சம் குறைந்தாலும், கணக்கில் தோற்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய விஷயம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "பெங்களூருக்கு அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிக் கல்யாணப் பேச்சை எடுக்கிற வீட்டில், "சேலத்துக்குத்தானே, டவுன் பஸ்தானே" என்று ஒரு பெண் வாதாட முடிகிறது. வாதாடி வந்து, இரண்டு வருஷம் கழித்துப் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ தன் விருப்பத்தில் போனவர்களை எனக்குத் தெரியும். அப்போது வீட்டில் தடுக்கவில்லை.

*

மூலச் சான்றிதழ்களை யாரிடமும் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், மூலத்தோடு வீடு திரும்புங்கள். வேலைக்குப் பணம் கட்டச் சொல்கிற இடம் எதுவானாலும் வேலை கொடுக்கும் இடம் அல்ல.

*

முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் வந்தது. எங்களிடம் சேர்கிறவர்களில் பலர் அந்தச் சான்றிதழோடு படித்தவர்கள். அப்பா பட்டறையில் வெல்டர், அம்மா ஜவ்வரிசி மில்லில் வேலை, அண்ணன் போர்வெல் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில். இவர்களுக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. நோட்டீஸ் பீரியட் என்றால் என்ன, மேனேஜரிடம் லீவு எப்படிக் கேட்பது, ரிவ்யூவில் நிரலில் முப்பது குறை சொன்னால் வேலை போய்விடுமா. அந்த முப்பது குறையைப் பார்த்துக் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். குறை சொன்னது நிரலைப் பற்றி, உன்னைப் பற்றி இல்லை என்று வாயால் சொன்னால் போதாது. என் நிரலை அவளிடம் கொடுத்து, "இதுல குறை கண்டுபிடி" என்றேன். தயங்கித் தயங்கி நாலு எழுதினாள். நாலும் சரியான குறைகள். நாலையும் திருத்தினேன், அவள் பார்க்கும்படி.

*

"சார்" போக மாட்டேன் என்கிறது. அமெரிக்க வாடிக்கையாளர் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னாலும் பிள்ளைகள் வாயில் சார் வந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. சாரைச் சொல்லியே "சார், நீங்க சொன்னது தப்புங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டால் எனக்குப் போதும். கொங்கு வழக்கில் 'ங்க' போட்டு மறுத்துப் பேசுவதற்கு நல்ல வசதி இருக்கிறது.

*

காத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி. வேலைக் கடிதம் வந்துவிட்டது, சேரும் தேதி வரவில்லை. இன்ஃபோசிஸ் 2022-இல் தேர்ந்தெடுத்த புதியவர்களில் ஒரு பகுதியினர் 2024 அக்டோபரில்தான் சேர முடிந்தது. 2025 பிப்ரவரியில் மைசூர்ப் பயிற்சி வளாகத்தில் உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறாத முந்நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். நிறுவனம் தன் விதிப்படி என்றது. இரண்டரை வருஷம் வேறு வேலைக்குப் போகாமல் காத்திருந்தவர்களுக்கு விதி மட்டும் விடையாகாது என்பது என் எண்ணம். அந்தச் சமயத்தில் இங்கே பல வீடுகளில் தூக்கம் கெட்டது.

காத்திருக்கிற நாளில் செய்ய ஒன்று உண்டு. உங்கள் தெருவில் ஒரு தொழில் நடக்கும்: கொலுசுப் பட்டறை, தறி, மரவள்ளி மண்டி, பால் சொசைட்டி. போய் உட்காருங்கள். அவர்கள் கணக்கு எழுதும் நோட்டைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் எத்தனை பத்தி, எதை அடித்துத் திருத்துகிறார்கள், எதைச் சிவப்பு மையில் எழுதுகிறார்கள். சம்பளம் கிடைக்காது. ஆனால் நேர்காணலில் "நீங்கள் செய்த ப்ராஜெக்ட் என்ன" என்று கேட்டால், எல்லோரும் சொல்லும் நூலக மேலாண்மையைச் சொல்ல வேண்டியிருக்காது.

*

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சேர்ந்த பிள்ளைகளிடம் ஒரு மாற்றம் தெரிகிறது. கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, கூச்சமில்லாமல் கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு அசட்டுக் கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காது. அது நல்லதே. எத்தனையோ பேர் அதனால் ஆங்கில பயம் தெளிந்ததைப் பார்க்கிறேன். ஆனால் மனிதரிடம் கேட்கும் வாய் அதற்குள் மூடிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. மைனஸ் ஆளுக்கு ஆள் மாறும் என்றோ, குமாஸ்தா பன்னிரண்டு மணிக்காகக் காத்திருப்பார் என்றோ அதற்கு யார் சொன்னது? எழுதிக் கொடுக்கும் நிரல் அழகாக ஓடும், தள்ளுபடிப் பத்தியோடு. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: கருவி எழுதிய நிரலைச் சேர்க்கலாம், வரிக்கு வரி என்ன செய்கிறது என்று வாயால் விளக்க முடிந்தால்.

*

தமிழில் குறுஞ்செய்தி. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்-க்கு 160 எழுத்து. தமிழ் வந்தால் 70 ஆகக் குறையும். அதிலும் 'கோழி' நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு குறியீடு. எழுபதில் வெட்டினால் ஒரு கொம்போ காலோ தனியாகத் தொங்கும். செலவு மிச்சம் என்று ஆங்கிலத்தில் அனுப்பலாம் என்பார்கள். பண்ணையில் வேலை செய்கிற அக்கா ஆங்கிலச் செய்தியைப் படிக்காமலே அழிப்பதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தமிழில் சுருக்கமாக எழுதக் கற்றுக்கொள்வதும் இந்த வேலையில் அடக்கம் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். அவர்கள் என்னைவிட நன்றாகச் சுருக்குகிறார்கள்.

*

அடுத்த வாரம் மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணைக்குப் புதிதாகச் சேர்ந்த மூன்று பேரை அனுப்புகிறோம். நான் கூடப் போகவில்லை. என்ன கேட்பது என்று அவர்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். செத்த கோழியை அன்றைக்கே கணக்கில் கழிப்பீர்களா, வாரக் கடைசியிலா? தீவனம் மூட்டைக் கணக்கா, டன் கணக்கா. ஈர மூட்டையை என்ன செய்வீர்கள்? ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குக் கோழி மாற்றினால் வயதை எங்கே எழுதுவீர்கள்? மைனஸ் போனில் சொன்னதும் எழுதுவீர்களா, பணம் வந்ததும் எழுதுவீர்களா? கடைசிக் கேள்வியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தான் ஒருத்தன்: லாரியில் ஏற்றின பிறகு முட்டை உடைந்தால் உடைசல் யார் கணக்கு? அதற்குப் பண்ணைக்காரர் ஒரு பதில் சொல்வார், வியாபாரி வேறு சொல்வார், டிரைவர் மூன்றாவது சொல்வார் என்று சொன்னேன். "மூணு பேரையும் கேக்கறோங்க சார்" என்று இன்னொரு தாளை எடுத்தார்கள்.